மூலையைத் தொடாத கோடு

"அந்த ப்ளக்ல கை வெக்காதீங்க."

அப்பா செத்துக் கிடந்த வீட்டுக்குள் நுழைந்ததும் காயத்ரி சொன்ன முதல் வார்த்தை இதுதான். இனி எந்தக் கல்யாணத்திலும் காதுகுத்திலும் வேண்டா அத்தை இதைச் சொல்லிக்காட்டாமல் விடப்போவதில்லை என்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது.

ஐஸ் பெட்டிக்காரர் சடையப்பன் குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். ஒரு கையில் பெட்டியின் ஒயர். இன்னொரு கை சுவர் ப்ளக்கின் மேல். பெரிய ப்ளக் போடுகிற சாக்கெட் கூடத்தில் அது ஒன்றுதான். அதில் அப்பா சம்பத்தின் லேப்டாப் செருகியிருந்தது.

"பெட்டிக்கு கரண்ட் குடுக்காம எப்படி மேடம்? வெயில் ஏறிகினு வருது."

"ஒரு நிமிஷம் இருங்க."

"இன்னாடி ஒரு நிமிஷம்?" வேண்டா அத்தை எழுந்தே விட்டாள். செத்தவருக்கு ஒரே தங்கை. கருங்குழியிலிருந்து முதல் ஆளாக வந்து, ஒரு பாட்டம் அழுது முடித்து, அவிழ்ந்த தலையை அள்ளிச் செருகியிருந்தாள். "பெத்த அப்பன் கட்டையா கெடக்குறான். மூஞ்சியக்கூட பாக்கல. ப்ளக்காம் ப்ளக்கு. நாவலூர்ல இதான் சொல்லிக் குடுக்குறாங்களா?"

காயத்ரி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். நெற்றியில் விபூதி, அதன்மேல் காசு. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளங்கள் அப்படியே இருந்தன. விடிகாலையில் காபி கொண்டுபோன அம்மா, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்திருந்தவரைத்தான் பார்த்தாள். டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தூக்கத்தில் போனது மாதிரிதான் என்றாராம். காரில் வரும்போது போனிலேயே எல்லாம் கேட்டாகிவிட்டது. அழுகையும் மாமல்லபுரம் பைபாஸிலேயே முடிந்துவிட்டது.

பிறகு அவள் கண் மறுபடியும் மேஜைக்குப் போனது.

கறுப்புத் திரை. பச்சை எழுத்து. கடைசி வரி மட்டும் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.

ரீடர் நாட் ரெடி. இன்டர்வென்ஷன் ரிக்வயர்ட்.

ரீடர் நின்றுவிட்டது, ஆள் வந்து கவனிக்க வேண்டும் என்று அர்த்தம்.

சம்பத் கடலோரத்து ஆராய்ச்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் என்பது ஒரு அறை. அதனிடம் எதைச் சொல்வதானாலும் அட்டையில் ஓட்டை போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒரு அட்டைக்கு எண்பது கட்டம். கட்டத்துக்கு ஒரு எழுத்து. கட்டு கட்டாக ரீடரில் வைத்தால் அது சரசரவென்று இழுத்துப் படிக்கும். அறையும் போயிற்று, ரீடரும் போயிற்று. ஓய்வு பெற்றபின் சம்பத் லேப்டாப்பில் ஒரு எமுலேட்டரைப் போட்டுக்கொண்டார். அது லேப்டாப்பையே அந்த அறைக் கம்ப்யூட்டராக வேஷம் கட்டவைக்கும் புரோகிராம். ஃபைலில் எண்பது எழுத்தில் ஒரு வரி அடித்தால் அது ஒரு அட்டை. ஒரு ஃபைல், ஒரு கட்டு.

கொஞ்ச நாளாக அவர் படிக்கவைத்துக்கொண்டிருந்தது ஆறு கட்டு அட்டை. எண்பதுகளில் ஒரு பேராசிரியர் திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஊர் ஊராகப் போய், கிணறு கிணறாகத் தண்ணீர் மொண்டு உப்பு அளந்த கணக்கு. அறிக்கை கரையானுக்குப் போயிற்று. பேராசிரியர் அதற்கும் முன்பே போய்விட்டார். அட்டைகள் மட்டும் இந்த வீட்டுப் பரணில் இருந்தன.

அவற்றுக்குத் திடீரென்று ஒரு வேலை வந்தது. கிழக்கே ஒரு ஊரில் இறால் பண்ணை. பண்ணை வந்தபின்தான் கிணறெல்லாம் உப்பானது என்றது ஊர். அங்கே எப்போதும் உப்புதான் என்றது பண்ணை. நாளைக்குச் செங்கல்பட்டில், கலெக்டர் ஆபீசில் விசாரணை. பண்ணை வருவதற்கு முன் அந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்ல, இந்த அட்டைகளைத் தவிர ஊருக்கு வேறு நாதி கிடையாது.

"எக்ஸெல்ல தட்டுனா அரை நாள் வேல நைனா," என்று தம்பி பார்த்திபன் போன வாரம்கூடச் சொன்னான்.

"நான் கூட்டினா சம்பத் கூட்டினதுன்னு பண்ணைக்காரன் சொல்லுவான். அந்தக் காலத்து அட்டைய அந்தக் காலத்து புரோகிராமே படிச்சு சொல்லட்டும்," என்றார் அவர்.

அதுதான் இப்போது பாதியில் நிற்கிறது. ப்ளக்கைப் பிடுங்கினால் படித்ததெல்லாம் போகும். மறுபடி எழுப்பக் காயத்ரிக்குத் தெரியாது. அவளும் மெயின்ஃப்ரேம்தான். வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பாலிசிகள் இன்றைக்கும் இதே எண்பது கட்ட வரியில்தான் ஓடுகின்றன. அதை நாவலூரில் ஆறாம் மாடியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறாள். ஆனால் அந்த மெஷின் எந்த ஊரில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. தூங்கவே தூங்காத மெஷின் அது. அணைந்ததை எழுப்புகிற வேலை அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"பேட்டரி எவ்ளோ தாங்கும்?" என்றாள்.

"அது செத்து ரெண்டு வருசம் ஆவுது," என்றான் பார்த்திபன். சொன்னபிறகு வாயை மூடிக்கொண்டான். "ஒரு நிமிசம் தாங்கும். ஒன்னரை நிமிசம். அக்கா, இப்ப இதுவா முக்கியம்? எமகண்டத்துக்கு முன்னாடி எடுத்தாகணும்."

காயத்ரி வேறு சாக்கெட் தேடிச் சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள்.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஞானம்பாள் நிமிராமலே சொன்னாள்.

"ஷபானா வூட்ல இன்வெர்டர் கீது. சந்துக்கு அந்தாண்டதானே. ஒயர் இழுத்துக்க."

"அண்ணி, நீயுமா?" என்றாள் வேண்டா அத்தை.

"அவுரு வேல முடியல," என்றாள் ஞானம்பாள். அதோடு சரி.

*

எதிர்வீட்டு ஷபானா ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பெட்டியை வீசினாள். பந்தல்காரர் ஏணிமேல் நின்றபடி அதைப் பிடித்துக் கீழே கொடுத்தார். சடையப்பன் ஒரு கையில் பழைய ப்ளக், ஒரு கையில் புது சாக்கெட் என்று நின்றார்.

"ரெடியா மேடம்?"

"ரெடி."

பிடுங்கினார். லேப்டாப்பின் வெளிச்சம் மங்கியது. மூலையில் சிவப்புப் பேட்டரி ஒரு தடவை கண் அடித்தது. புது சாக்கெட்டில் முள் ஏறவில்லை. சடையப்பன் எதையோ முணுமுணுத்துக்கொண்டு திருப்பிச் செருகினார். வெளிச்சம் திரும்பியது. பச்சை வரி இருந்த இடத்திலேயே எரிந்துகொண்டிருந்தது.

"நான் எத்தினியோ சாவுக்குப் பெட்டி போட்டுகீறேன்," என்றார் சடையப்பன், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "ப்ளக்குக்கு பயந்தது இதான் மொத தபா."

ஐஸ் பெட்டி உறுமிவிட்டு ஓட ஆரம்பித்தது. சம்பத்தை அதற்குள் வைத்தார்கள். கண்ணாடி மூடியின்மேல் முதல் மாலை விழுந்தது.

மாலை போட்டவர் வெள்ளைச் சட்டையும் கரண்டைக்கு மேல் ஏறிய வேட்டியுமாக ஒரு நடுத்தர வயதுக்காரர். போட்டுவிட்டுப் பந்தலின் ஓரத்துக்குப் போய், நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டார். இறால் பண்ணை ஊர்க்காரர் என்று காயத்ரிக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை, அப்பா போனில் அவர் பேரைச் சொல்லியிருந்தார். அவர் மேஜையைப் பார்ப்பதும், பார்த்துவிட்டோமே என்று தரையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"நீங்க அப்பாசாமிதானே?"

"ஆமா பாப்பா."

"பிரின்ட் வாங்க வந்தீங்களா?"

"அதுக்குத்தான் பஸ் ஏறுனேன். காலைல வந்து வாங்கிக்கன்னு அய்யா நேத்து போன் போட்டாரு. தெருமுனைல மோளக்காரங்களப் பாத்துட்டு யாருன்னு கேட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம் போய் மாலை வாங்கியாந்தேன். நீ அதப் பத்தி நெனைக்காத. சாவு வூட்ல வந்து அதக் கேட்டா நான் மனுசனா?"

"நாளைக்கு விசாரணை தள்ளிப்போடுவாங்களா?"

"ரெண்டு தபா தள்ளி வெச்சாச்சு. எங்களுக்காவத்தான். இனிமே இல்லன்ட்டாங்க." மறுபடியும் தரையைப் பார்த்தார். "உடு பாப்பா."

காயத்ரி நாற்காலியை இழுத்து மேஜை முன் போட்டாள். அப்பா கடைசியாக உட்கார்ந்திருந்த நாற்காலி. அதை இழுத்த சத்தத்துக்குக் கூடத்தில் அழுகை ஒரு நொடி நின்று, பிறகு இன்னும் கொஞ்சம் உரக்கத் தொடர்ந்தது.

*

மேல் அம்புக்குறியைத் தட்டினாள். அப்பா கடைசியாகக் கொடுத்த கட்டளை மேலே வந்தது. ஆறாவது கட்டை ரீடரில் வை. அதற்கு முந்தினது, ஐந்தாவதை வை. அதற்கு முன் நாலாவது.

அப்படியானால் ஆறு கட்டும் உள்ளே போய்விட்டன. பின்னே ஏன் நிற்கிறது?

புரோகிராமைத் திறந்து பார்த்தாள். அது ஃபோர்ட்ரான் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டே போகும். கிணற்று நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் 9999 என்று நாலு ஒன்பது வந்தால்தான், சரி, முடிந்தது என்று கணக்கை அச்சடிக்கும். அதுவரைக்கும் அடுத்த அட்டை எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டே நிற்கும். ஆறாவது ஃபைலின் கடைசி வரியில் நாலு ஒன்பது இல்லை.

மேஜையின் இடது பக்கத்தில் ஆறு கட்டும் ரப்பர் பேண்டு போட்டு வரிசையாக இருந்தன. ஆறாவதை எடுத்தாள். கடைசி அட்டையும் ஃபைலின் கடைசி வரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. அப்பா ஒன்றையும் விடவில்லை.

கட்டைப் பக்கவாட்டில் திருப்பினபோதுதான் அதைப் பார்த்தாள்.

அட்டைக் கட்டின் மேல் விளிம்பில் மூலைக்கு மூலை மார்க்கரால் ஒரு சாய்வுக் கோடு போடுவது கார்டு ரூம் ஆட்களின் வழக்கம். ஒரு அட்டை இடம் மாறினால் கோடு உடையும். ஐந்து கட்டிலும் அந்தச் சிவப்புக் கோடு மூலையில் தொடங்கி மூலையில் முடிந்தது. ஆறாவதில் ஓடிவந்த கோடு மூலைக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிட்டது.

கடைசியில் அட்டை குறைகிறது.

ஒன்றா? நாலா? மயிரிழையை யார் அளப்பது?

நாலு ஒன்பதை அவளே அடித்து அனுப்பிவிடலாம். புரோகிராம் நம்பிவிடும். ஆனால் அப்பாசாமியின் ஊர் இந்தக் கட்டின் கடைசியில்தான் வருகிறது. விட்டுப்போனது அந்த ஊர்க் கிணறுகளாக இருந்தால்? அட்டைகளும் நாளைக்கு விசாரணைக்குப் போகின்றன. பண்ணையின் வக்கீல் விளிம்பைத் திருப்பிப் பார்த்து, உங்களுக்கு ஆகாத கிணற்றையெல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டால்?

அட்டையின் கடைசி எட்டுக் கட்டத்தைப் பார்த்தாள். அந்த எட்டையும் புரோகிராம் படிக்காது. கட்டு கைதவறிச் சிதறினால் மனிதர்கள் அடுக்கிக்கொள்வதற்காக அங்கே வரிசை எண் போடுவார்கள். இதில் நானூற்றுப் பன்னிரண்டு.

நானூற்றுப் பதின்மூன்று எங்கே?

மேஜை இழுப்பறை, மேஜைக்கு அடியில், நாற்காலி மெத்தைக்குக் கீழே. குனிந்து தேடினாள். அத்தையின் குரல் முதுகில் விழுந்தது.

"கொள்ளிப் பானை வாங்க ஆள் போவணும், கோடித் துணி வந்துச்சான்னு பாக்கணும். பொண்ணு மேசைக்கு அடியில பூந்துகினு கீது."

"அம்மா," என்றாள் காயத்ரி, மேஜைக்கு அடியிலிருந்தே. "அப்பா மேஜையில தனியா ஒரு அட்டை இருந்துச்சா?"

ஞானம்பாள் நிமிர்ந்தாள்.

இந்த வீட்டில் அட்டை என்றால் எழுதிக்கொள்கிற காகிதம். அந்தக் காலத்தில் வேண்டாத அட்டைகளைச் சம்பத் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார். மளிகைச் சாமான், பால் கணக்கு, கோலப் புள்ளி, காயத்ரியின் வாய்ப்பாடு, எல்லாம் அதன் முதுகில்தான். சட்டைப் பையில் சரியாக நிற்கும், மடங்காது. இன்றைக்கும் இந்த வீட்டில் அவசரமாக எதையாவது எழுதவேண்டுமென்றால் கை தானாக ஒரு அட்டையைத்தான் தேடும்.

"ஐஸ் பெட்டி நம்பரு ஷபானா சொன்னா," என்றாள் ஞானம்பாள் மெதுவாக. "எழுதிக்க எதுனா வேணுமே. ஒரு அட்டை இருந்துச்சு."

"எங்க?"

"பார்த்திபன் வந்ததும் அவங்கையில குடுத்துட்டேன்."

பார்த்திபன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அக்கா. அது ஃப்ளெக்ஸ் கடையில கீது."

"ஃப்ளெக்ஸ் கடையா?"

"கண்ணீர் அஞ்சலி பேனரு. பேரு, தேதி எல்லாம் அதே அட்டையில எழுதி ஜெயக்குமார்கிட்ட குடுத்துட்டு வந்தேன்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. ஐஸ் பெட்டி ஒரு விக்கல் எடுத்து அடங்கியது. கூடத்தில் திடுமென்று ஒரு அமைதி. இருட்டிய கூடத்தில் வெளிச்சமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஷபானா வீட்டு இன்வெர்டரில் லேப்டாப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தியா கதைய," என்றாள் வேண்டா அத்தை. "எங்கண்ணனுக்கு கரண்ட் இல்ல. அவன் லேப்டாப்புக்கு கரண்ட் கீது."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினாள். ஞானம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

*

ஜெயக்குமார் நாலாவது தடவைதான் போனை எடுத்தான்.

"மேடம், பேனரு ரெடி. காயணும், கரண்டு வேற பூட்ச்சு..."

"பேனர் இருக்கட்டும். பார்த்திபன் ஒரு அட்டை குடுத்தானே, அது எங்க?"

"ஓட்ட ஓட்டயா இருந்துச்சே, அதுவா?"

"அதேதான்."

"இரு மேடம்." ஏதோ நகர்த்தும் சத்தம். "டீ கிளாசுக்கு அடில வெச்சுகினு இருந்தேன். கீது, கீது."

"போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புங்க. இப்பவே."

படம் வந்தது. முதுகுப் பக்கம். மேலே அம்மாவின் கையெழுத்தில் ஐஸ் பெட்டி நம்பர். எப்போதும் கோலப்பொடியில் இழுத்தமாதிரி சீராக எழுதுகிறவள். இதில் ஒரு எண்ணை இரண்டு முறை எழுதி அடித்திருந்தாள். கீழே பார்த்திபனின் கோழிக்கிறுக்கல். அப்பாவின் பெயர், தோற்றம், மறைவு, அதற்கும் கீழே "சிரிக்கிற போட்டோ போடவும்." நடுவில் வட்டமாக டீக்கறை.

"திருப்பி ஒன்னு எடுங்க. வெளிச்சத்துல பிடிச்சு."

இரண்டாவது படம் வருவதற்குள் மோளக்காரர்கள் இரண்டு அடி அடித்து ஓய்ந்தார்கள். பார்த்திபன் குளித்து ஈரவேட்டியோடு வந்து பின்னால் நின்றான். அப்பாசாமி பந்தலின் ஓரத்திலிருந்து வாசற்படி வரைக்கும் வந்திருந்தார். அதற்குமேல் வரவில்லை.

வந்தது.

அட்டை முழுக்கப் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை வரிசை வரிசையாக எண்கள் அச்சடித்திருக்கும். எந்த எண்ணில் ஓட்டை விழுந்திருக்கிறதோ அந்த எண் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. படிக்கப் பெரிய வித்தை வேண்டாம், கண் வேண்டும். காயத்ரி படத்தைப் பெரிதாக்கினாள். முதலில் வலது கோடிக்குத்தான் போனாள். வரிசை எண்.

நாலில் ஒரு ஓட்டை. ஒன்றில் ஒரு ஓட்டை. அடுத்த ஓட்டையின்மேல் டீக்கறை படிந்திருந்தது. கறையால் ஓட்டையை அடைக்க முடியாது. மூன்று.

நானூற்றுப் பதின்மூன்று.

இடது பக்கம் நகர்த்தினாள். அடிவரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நாலு ஓட்டை. நாலும் ஒன்பதில். அதற்குப்பின் வரிசை எண் வரைக்கும் ஒன்றுமில்லை.

"இன்னாக்கா?" என்றான் பார்த்திபன்.

"ஒரே அட்டைதான். முடிஞ்சதுன்னு சொல்ற அட்டை. மிச்சமெல்லாம் அப்பா போட்டுட்டாரு."

ஏழாவதாக ஒரு புது ஃபைலைத் திறந்து நாலு ஒன்பதை அடித்தாள். அனுப்பப் போனவள், விரலை எடுத்துக்கொண்டாள். சந்தேகத்துக்கு ஆறாவது கட்டின் கடைசி வரியை மேலே கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். அதில் கிணற்று நம்பர் மூன்றாம் கட்டத்தில் தொடங்கியது. இவள் இரண்டாம் கட்டத்தில் தொடங்கியிருந்தாள். அனுப்பியிருந்தால் மெஷின் மூன்று ஒன்பதை எடுத்துக்கொண்டு, அடுத்த காலியிடத்தைப் பூஜ்யமாக எண்ணி, இல்லாத ஒரு ஊரில் இல்லாத ஒரு கிணற்றைக் கணக்கில் சேர்த்திருக்கும். ஒரு கட்டம் தள்ளினாள். அட்டைப் படத்தோடு ஒப்பிட்டு, பேனா முனையால் திரையில் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"எடுக்கலாமா? நேரம் ஆவுது," என்று நாலு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தார்.

வேண்டா அத்தை அவர்களுக்கும் பெட்டிக்கும் நடுவில் போய் நின்றாள்.

"செத்த இருங்கடா. எங்கண்ணன் இன்னும் ஆபீஸ்லேர்ந்து வர்ல."

காயத்ரி திரும்பிப் பார்க்கவில்லை. மேல் அம்புக்குறியைத் தட்டினாள். ஆறாவது கட்டை ரீடரில் வை என்று அப்பா கொடுத்திருந்த கட்டளை வந்தது. ஆறை அழித்து ஏழு என்று போட்டு, என்டர் தட்டினாள்.

எரிந்துகொண்டிருந்த வரி மறைந்தது. இரண்டு மூச்சு விடுகிற நேரம் திரையில் ஒன்றுமே இல்லை. பிறகு கீழேயிருந்து வரிகள் எழும்பின. ஊர், கிணறு, மாதம், உப்பு. ஊர், கிணறு, மாதம், உப்பு. படிக்க முடியாத வேகத்தில் ஏறிக்கொண்டே போய், கடைசியில் தானாக நின்றன.

"அப்பாசாமி அண்ணே, உள்ள வாங்க. உங்க கிணறு எது?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஐஸ் பெட்டியைச் சுற்றிக்கொண்டு, யார்மேலும் படாமல் வந்தார். "நாப்பத்தேழு. எங்க நைனா கெணறு. அளக்க வந்தவரு செவுத்துல பெயின்டுல போட்டுட்டுப் போன நம்பரு. இன்னும் கீது."

நாற்பத்தேழை எடுத்தாள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு எண். கோடையில் கொஞ்சம் ஏறி, மழைக்குப்பின் இறங்கியிருந்தது. எங்கேயும் பெரிதாக இல்லை.

"இது இன்னா சொல்லுது பாப்பா?"

"குடிக்கலாம்னு சொல்லுது. சித்திரையிலகூடக் குடிக்கலாம்."

அப்பாசாமி மேஜைமேல் குனிந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, கண்ணாடி மூடிக்குள் இருந்தவரைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"தூக்க நானும் வரேன்," என்றார் பார்த்திபனிடம்.

*

திரையில் வந்த கணக்கை ஜெயக்குமாருக்கு அனுப்பினாள் காயத்ரி. அவன் கடையில் ஜெனரேட்டர் போட்டு அச்சடித்து, பேனரோடு சேர்த்தே கொண்டுவந்தான். பேனரில் சம்பத் சிரித்தார். பிரின்டையும் டீக்கறை அட்டையையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, பேனரை எங்கே கட்டுவது என்று கேட்டான். வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டிருந்தது. அவனைத் திட்ட யாருக்கும் நேரமில்லை. பந்தல் கால் இரண்டுக்கும் நடுவில் கட்டச் சொன்னார்கள்.

ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அப்பாசாமியின் மாலை ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் உதிர்ந்து கிடந்தது. கரண்ட் வந்து மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. வேண்டா அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றடியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கூடத்தில் ஊற்றினாள். ஞானம்பாள் சீமாற்றால் வாசலை நோக்கித் தள்ளினாள்.

"மேசைக்கு அடில தண்ணி வருது, அட்டையத் தூக்கு," என்றாள் அத்தை. அதட்டல் இல்லை.

காயத்ரி கட்டுகளை எடுத்து நாற்காலிமேல் அடுக்கினாள். அப்பாசாமி திரும்பும் வழியில் வந்து எடுத்துக்கொள்வார். கவரிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள். அம்மாவின் கையெழுத்து, தம்பியின் கையெழுத்து, டீ வட்டம்.

"மேஜைல எந்தப் பக்கம்மா இருந்துச்சு இது?"

ஞானம்பாள் தண்ணீரைத் தள்ளுவதை நிறுத்தவில்லை.

"மேசைல இல்ல. கையில வெச்சுகினு இருந்தாரு. உருவித்தான் எடுத்தேன்."

காயத்ரி தலையசைத்தாள். ஆறாவது கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி, அட்டையைக் கடைசியில் வைத்தாள். கட்டை நாற்காலியின் கையில் இரண்டு தட்டுத் தட்டிச் சேர்த்து, விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள்.

கோடு மூலையைத் தொட்டது.

ரப்பர் பேண்டைப் போட்டாள். குனிந்து, சந்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்திருந்த ஒயரைப் பிடுங்கினாள். லேப்டாப் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் பேட்டரியில் எரிந்துவிட்டு அணைந்தது. அவள் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே ஷபானா வீட்டுப் பக்கம் நடந்தாள்.